மூக்கில் வைத்த மீன் பெட்டி

சிம்மக்கல்லில் தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்டுவதில் தொடங்கியவன் நான். பிறகு மினி பஸ்களுக்கு பாடி கட்டினேன். ஐஸ் வண்டி, ஆம்புலன்ஸ், ஊர் ஊராகப் போகிற பல் ஆஸ்பத்திரி வண்டி ஒன்று. கோச்சடையில் என் வீட்டு மாடியைக் கொத்தனார் பாதியில் விட்டுப் போனார். நானே தளம் போட்டு முடித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் எதையும் விட்டதில்லை. கடைசியாகக் கட்டியது இரண்டரை அடி நீளத்தில் ஒரு பந்தயப் படகு. நான் கட்டியதில் ஆகச் சின்னது அதுதான். என்னை ஆக அதிகம் பயமுறுத்தியதும் அதுதான்.

படகு ஆசை என்னுடையது இல்லை. திருநகர் வாத்தியாருடையது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தப் பாலிடெக்னிக் பஸ்ஸுக்கு நான் பாடி கட்டியபோது பழக்கம். அறுபது எழுபது வருடங்களுக்கு முன் வெளிநாட்டு ஏரிகளில் பந்தயம் ஓடிய மரப் படகுகள் மேல் அவருக்குப் பித்து. மோட்டார் படகுக்குள் இருக்காது. பின்பலகைக்கு வெளியே தொங்கும். அந்தப் படகுகளை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டி, ரிமோட்டில் ஓட்டிப் போட்டி வைக்கிற கூட்டம் நம் பக்கமும் உண்டு.

மோட்டாரை வாத்தியார் செய்தார். எட்டு மாதம். உள்ளே பேட்டரி மோட்டார்; வெளியே பித்தளையிலும் அலுமினியத்திலும் கடைந்து எடுத்த பழைய மோட்டாரின் உருவம். முடித்த கையோடு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

“இனிமே இப்படி ஒண்ணு செய்ய என் கண்ணு விடாதுண்ணே. இது ஒண்ணுதேன்” என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அதைச் சுமக்கிற படகை நான் கட்ட வேண்டும்.

கட்டத் தொடங்கினேன். பிளைவுட்டை வெந்நீரில் ஊறவைத்து வளைத்தேன். படகின் மூக்குக்குள், அதாவது முன்முனைக்குள் மட்டும் தெர்மாகோல் அடைத்துவிட்டால், கவிழ்ந்தாலும் மூழ்காது என்று வாத்தியாரிடம் சொன்னேன்.

“எங்கண்ணே வாங்குவீங்க?”

“வாங்குறதா? மீன் மார்க்கெட்டுல பெட்டியைத் தூக்கி எறியிறாய்ங்க, எம்புட்டு வேணும்?”

“என் மோட்டாரைக் கொண்டுபோயி நெத்திலிப் பெட்டியில மாட்டச் சொல்றீங்களா? அந்தக் காலத்துப் படகுல தெர்மாகோல் ஏதுண்ணே? வேணாம்.”

சரி என்றேன். நாற்பது வருடமாக பஸ் முதலாளிகளிடமும் இப்படித்தான் சரி சொல்லியிருக்கிறேன். செய்வதை என் இஷ்டத்துக்குத்தான் செய்திருக்கிறேன்.

பெட்டியைக் கழுவி அறுத்து வைத்தேன். ஒரு துண்டில் ரெசின் ஊற்றிப் பார்த்தால், வெந்நீரில் போட்ட சர்க்கரை மாதிரி கரைந்து போனது. மரத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்க, படகின் உள்பக்கம் முழுக்க அந்த ரெசின்தான் பூசவேண்டும். யோசித்து, துண்டுகளைப் பால் கவருக்குள் வைத்து, வாயை டேப்பால் இறுக்கி, நான்கு பொட்டலம் கட்டினேன். வாத்தியார் டீ குடிக்கப் போன நேரத்தில் நான்கையும் மூக்குக்குள் தள்ளி மேல்பலகையை ஒட்டிவிட்டேன். உள்ளே ரெசின் அப்போது காயவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எந்தக் கவரில் ஓட்டை இருந்தாலும் அதற்குள் ஒன்றும் மிஞ்சாது. திறந்து பார்க்கவும் முடியாது. வீட்டில் உட்கார்ந்து மூக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

“படகுதானே கட்டுறீங்க, தர்பூசணியா வாங்கப் போறீங்க?” என்றாள் என் வீட்டுக்காரி.

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் போட்டி. மழை பெய்து நிறைந்திருந்தது. திரும்புகிற இடங்களில் இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். ஆறு படகுகள். நம்முடையது சிவப்பு. வாத்தியார் கையில் ரிமோட். இரண்டு சுற்று முன்னால் போனது. மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் அது போனதைப் பார்த்து, கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

மூன்றாவது சுற்றில், தூரத்துக் குடத்துக்குப் பக்கத்தில் காற்று மூக்குக்கு அடியில் புகுந்தது. படகு பின்னால் மல்லாந்து விழுந்தது. பிறகு காணோம்.

“அங்கிட்டு வண்டல் அள்ளுன குழி, ரெண்டு ஆள் ஆழம்” என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், கேட்காமலே.

வாத்தியார் தன் வீட்டுப் பாஷையில் என்னவோ கத்தினார். சௌராஷ்டிர பாஷை எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அன்றைக்கு எல்லாம் புரிந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மனதுக்குள் கவர்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்ப எண்ணினேன்.

சிவப்பாக ஒரு முனை மேலே வந்தது. விரல் நீளம், பிறகு சாண் நீளம். மோட்டாரின் கனத்தில் பின்பக்கம் தொங்க, மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. அப்போதுதான் எண்ணுவதை நிறுத்தினேன். லாரி ட்யூபில் ஒருவர் போய் எடுத்து வந்தார். வாத்தியார் மோட்டாரை வேட்டியில் துடைத்து, வெயிலில் காயவைத்து, பேட்டரியை மாற்றினார். ஓடியது. பரிசு வேறு யாருக்கோ போனது; அதை யார் நினைத்தார்கள்?

“எப்படி சார் மூழ்கல?” என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

“எல்லாம் கணக்குப் போட்டு வச்சதுதேன்” என்றார் வாத்தியார்.

என்ன கணக்கு என்று அவருக்கே தெரியாது. மோட்டாரை மடியில் வைத்திருந்தவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் உண்மையைச் சொல்லத் தோன்றாது.

என்ன கணக்கு என்று வாத்தியாருக்குப் பார்த்தாக வேண்டும். மறுவாரம் மேல்பலகையைப் பெயர்த்தோம். ஒரு கவர் ஓட்டை. அதற்குள் இருந்தது கரைந்து ஒட்டிக் கிடந்தது. மற்ற மூன்றும் முழுசாக இருந்தன. வாத்தியார் ஒரு கவரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“நெத்திலியாண்ணே?”

“வஞ்சிரம். உங்க மோட்டாருக்கு நெத்திலி வைப்பேனா?”

சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. துடைக்கக் கூடாது என்று நான்தான் கையைப் பிடித்தேன்.

இப்போது அந்தப் படகு பாலிடெக்னிக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கீழே பித்தளைத் தகட்டில் ஒரே பேர், வாத்தியார் பேர். மோட்டாருக்கு அவர் பேர் இருக்கட்டும், அது நியாயம். ஆனால் மோட்டார் இன்றைக்கு வண்டலுக்குள் இல்லாமல் கண்ணாடிக்குள் இருப்பது என்னால். தகட்டில் கீழே இடம் இருக்கிறது, நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன். பாலிடெக்னிக்காரர்களுக்குச் சொல்கிறேன்: படகு கட்டியவர் என்று என் பேரை அதில் வெட்டுங்கள். மீன் பெட்டியையும் சேர்த்து வெட்டுங்கள்.