சீனியர் வாங்கிய தடை

புதுக்கோட்டை கோர்ட்டில் நான் ஜூனியராகச் சேர்ந்தபோது, என் சீனியருக்கு எதிர்த்தரப்பை விட்டால் வேறு எதிரி கிடையாது. பிறகு சட்டமன்றத் தேர்தலில் நின்றார்.

அதற்கு முன் அவர் ஜெயித்த கடைசி வழக்கு, குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவருடையது. அவருடைய பட்டா நிலத்துக் கிணற்றை மூடி ஊராட்சி ரோடு போடப் பார்த்தது. அந்தக் கிணறு போனால் அவர் வயலுக்கு வேறு தண்ணீர் இல்லை. சீனியர் நிரந்தரத் தடை உத்தரவு வாங்கிக் கொடுத்தார்.

பிரசாரத்தில் எந்த ஊர் எதைக் கேட்டாலும், வேனில் நின்றபடி "செஞ்சிரலாம்" என்பார். கேஸ் கொண்டுவரும் கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. அந்த விவசாயியின் ஊர் மறுபடி ரோடு கேட்டது. "எங்களயே தோக்கடிச்ச வக்கீலுங்க, சும்மாவா" என்று ஓட்டும் போட்டது. சீனியர் ஜெயித்துச் சென்னைக்குப் போனார். ஆபீஸ் என் தலையில் விழுந்தது.

ஒரு நாள் விவசாயி வந்தார். "வக்கீலம்மா, நாளைக்கு ரோட்டுக்குப் பூமி பூஜையாம். நம்ம ஐயாதான் வாராரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் செய்தால் உதவியாளர், "ஐயா மீட்டிங்ல இருக்காங்க" என்றார். மறுநாள் காலை உத்தரவு நகலோடு நானே போய் நின்றேன்.

மாலையும் மண்வெட்டியுமாக நின்ற சீனியர், நகலை வாங்கி, கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். ஊரே காத்திருந்தது.

"நல்லா வாதாடியிருக்காங்களே, யாரும்மா?"

"நீங்கதான் சார்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விவசாயியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "இங்கிட்டு வேணாம். அங்கிட்டுப் புறம்போக்குல சுத்திப் போடுங்க" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு, அங்கே போய் வெட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்தது.

ரோடு வளைந்தது. வளைவில் பஸ் திரும்ப முடியாமல் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அடுத்த தேர்தலில் அந்த ஊர் கைவிட்டது, சீனியர் தோற்றார். மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டினார்.

முதலில் வந்த கட்சிக்காரர் அந்த விவசாயிதான், ஏதோ வரப்புத் தகராறு. "நீயாச்சும் எனக்கு ஓட்டுப் போட்டியாப்பா?" என்று சீனியர் கேட்டார்.

"இல்லங்கய்யா." அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "நீங்க ஜெயிச்சா, திரும்ப இந்த வக்கீலம்மாட்டல்ல நான் கேசைக் குடுக்கணும்."

அவர் கிணற்றுக்காக ஓடியவள் நான். வலித்தது. வக்காலத்தை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.