ஆறாவது தகடு

வெர்லின் ஹாஸ்கெட் ஒன்றும் பேச்சுக்காரன் இல்லை. வானிலை, தேர்தல், பிள்ளைகுட்டி என்று எதைக் கேட்டாலும் ஒரு "ம்" தான் வரும். இரும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் தட்டில் இருக்கும் சோளரொட்டி ஆறிப்போகும்வரை பேசுவான். அமெரிக்காவில், இடாஹோவின் தெற்கில், பீட்ரூட் சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருடம் பழுது பார்த்தவன். ஊருக்கு வெளியே இருக்கும் துப்பாக்கி கிளப்பில், சுடுவதற்கான எஃகுத் தகடுகளைப் பொறுக்கி வாங்குவதும் மாட்டுவதும் பத்தொன்பது வருடமாக அவன் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. அது போதும் அவனுக்கு. உண்மையைச் சொன்னால், அது கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப் போயிற்று.

யாராவது வயலில் கிடந்த பழைய இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "வெர்லின், இதைத் தொங்க விடேன்" என்றால் தொலைந்தார்கள்.

"இது சுடுற இரும்பாடா? பன்னிக்குத் தண்ணி வைக்கிற இரும்பு. உங்க அம்மா அதைத் தேடிட்டிருப்பா, கொண்டுபோய்க் குடு."

அவன் சொல்வதில் தப்பில்லை. பதம் ஏற்றிய கெட்டி எஃகில் குண்டு மோதினால் தூள்தூளாகிப் பக்கவாட்டில் சிதறும். மெத்தென்ற இரும்பில் மோதினால் குழி விழும். அடுத்த குண்டு அந்தக் குழிக்குள் விழுந்தால், அதன் துண்டு வளைந்து, அனுப்பியவரிடமே திரும்பி வரும். ஆகவே நல்ல எஃகு வேண்டும். தகட்டின் மேல்விளிம்பு சுடுபவரைப் பார்த்துச் சற்றே குனிந்திருக்க வேண்டும், அப்போதுதான் சிதறல் மண்ணைப் பார்த்துப் போகும். சங்கிலியில் தொங்கவிட்டால் சங்கிலியே அடிபடும் என்று ஆலையில் கழித்துப் போட்ட ரப்பர் பட்டையை வெட்டித் தொங்கவிடுவான். மாட்டுவதற்கு முன்னால் பெருவிரலால் தகடு முழுக்கத் தடவுவான். விரல் எங்கே மாட்டினாலும் தகடு குப்பைக்கு. இது அவன் சட்டம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை மனப்பாடமே செய்ய வைத்திருந்தான்.

போன செப்டம்பரில், மாவட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், ஆறு வட்டத் தகடு வரிசையில் ஆறாவது தகடு ஆணித்துளை பக்கம் விரிசல் விட்டது. புதுசு வர இரண்டு வாரம் ஆகும். "அஞ்சு தகட்டோட நடத்திக்கலாம்ப்பா" என்றார் கிளப் தலைவர் கார்த். வெர்லினுக்கு அது கௌரவப் பிரச்சினை. கிளப் கொட்டகையில் நல்ல கெட்டி எஃகுப் பலகை ஒரு துண்டு கிடந்தது. அதிலிருந்து எட்டு அங்குல வட்டம் ஒன்றை வெட்டி எடுத்தான், கேஸ் தீயால்.

தீ பட்டால் எஃகின் பதம் இறங்கிவிடும். இதை இருபது பேருக்குப் பாடம் நடத்தியவன் அவன்தான். விளிம்பைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு நீலம் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தான். தேய்த்தான். வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். போட்டியன்று காலையில் எல்லாத் தகட்டுக்கும் வெள்ளை அடிப்பது வழக்கம்தான், அடி விழுந்த இடம் தெரிய வேண்டுமே. ஆறும் ஒன்றுபோல் பளபளத்தன. இரண்டே வாரம்தானே என்று நினைத்தான்.

புதுத் தகடு சொன்ன நாளில் வந்தது. கொட்டகையில், சுற்றிவந்த காகிதத்தோடு கிடந்தது. ஆணி துருவேறி இறுகியிருந்தது, கழற்றுவது வேலை. அப்புறம் பனி. அப்புறம் இடுப்புவலி. அடுத்த போட்டிக்கு மாற்றலாம், அதற்கடுத்த போட்டிக்கு மாற்றலாம். பிப்ரவரியில் தடவிப் பார்த்தபோது விளிம்பில் மூன்று இடத்தில் பெருவிரல் மாட்டியது. அவன் கையை எடுத்துவிட்டு வெள்ளை அடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு டப்பா பெயிண்ட் இருந்தால் மறைக்கலாம்.

மார்ச் முதல் சனிக்கிழமை நெல்டாவின் இடது கண் போயிற்று.

நெல்டா பன்னிரண்டு வருடமாக அங்கே நேரம் குறிப்பவள். சுடுபவரின் பின்னால், கையில் அட்டையோடு நிற்பாள். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அன்றைக்குக் கடுங்குளிர், மூச்சுப் பட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியது. நெற்றிக்கு ஏற்றித் துடைத்தாள். மூன்று வினாடி இருக்கும். ஆறாவது தகட்டில் மோதிய குண்டின் துண்டு, நகக்கண் அளவு இருக்காது, திரும்பி வந்தது.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வெர்லின் மட்டும் தங்கினான். "நான் இங்க எல்லாத்தையும் பூட்டிட்டு வர்றேன்" என்றான். துருவேறிய அந்த ஆணி இருபது நிமிடத்தில் கழன்றுவிட்டது. புதுத் தகட்டை மாட்டி வெள்ளை அடித்தான். பழையதைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் வைத்தான்.

திங்கட்கிழமை கமிட்டி வந்து ஆறு தகட்டையும் தடவிப் பார்த்தது. எங்கும் விரல் மாட்டவில்லை. வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பது விதி. நெல்டா கழற்றினாள். விசாரணை அத்துடன் முடிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால், எல்லோரும் வட்டமாக நின்று விதிகளைக் கேட்கும்போது, கார்த் கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்: "நெல்டாவை நெனச்சுக்குங்க. கண்ணாடியத் தொடாதீங்க." ஆண்கள் தலையாட்டுவார்கள். வெர்லினும் ஆட்டினான். ஒற்றைக் கண்ணோடு பஸ் ஓட்ட விடமாட்டார்கள், அவள் வேலை போயிற்று. அவள் புருஷன் ராய்ஸ் கெட்டவன் இல்லை, ஆனால் காலையில் முட்டை வறுக்கும்போதெல்லாம், "மூணு வினாடி பொறுத்திருக்கக் கூடாதாடி" என்று கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் நெல்டா கொட்டகைக்கு வந்தாள். கையில் பழம் வைத்துச் சுட்ட அடை, துணி போட்டு மூடியிருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்னப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு வெர்லின். அதான் இத்தன நாள் வரல."

"எதுக்கு?"

"அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க இப்ப போட்டிக்கே வர்றதில்லையாம். இங்க தகடு சரியில்லன்னு பேசுறாங்களாம். பத்தொம்பது வருஷம் நீ காப்பாத்துன பேரு. என் புத்தி கெட்டுப்போயி, உன் பேரக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கப்பா."

கொன்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மன்னிப்பு கேட்டதைத் தாங்க முடியவில்லை. விறகை இழுத்துத் தள்ளினான், சாக்கை அவிழ்த்தான், தகட்டை அவள் மடியில் வைத்தான். அவள் கையைப் பிடித்துப் பெருவிரலை விளிம்பில் ஓட்டினான். விரல் மாட்டியது. மறுபடி மாட்டியது.

அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளும் அந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்தவள்தான்.

"எப்பலேந்து தெரியும்?"

"வெட்டுன அன்னிக்கே தெரியும்."

வெர்லின் அழுதான். அவள் அவன் அழுவதைப் பார்க்கவில்லை, தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுது எனக்கு என்ன ஆகப்போவுது? சனிக்கிழமை வட்டத்துல நின்னு சொல்லு. எல்லார் முன்னாடியும். நான் வருவேன்."

"கிளப்புலேந்து தள்ளிருவாங்க நெல்டா. இந்த ஊர்ல எனக்கு வேற எதுவும் இல்ல."

"எனக்கு பஸ்ஸு இருந்துச்சு" என்றாள். பழ அடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை வட்டம் கூடியது. முப்பது பேர் இருக்கும். நெல்டா தன் வண்டியின் பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே நின்றாள். கார்த் தன் வாசகத்துக்கு வந்தபோது வெர்லின் கையைத் தூக்கினான். தகட்டை எடுத்துக் காட்டினான். தீ, நீலம், காகிதத்தோடு கிடந்த புதுத் தகடு, மூன்று குழி, பெயிண்ட், விறகு என்று ஒன்றுவிடாமல் சொன்னான். முடித்துவிட்டு, சாவிக்கொத்தைக் கார்த்திடம் நீட்டினான்.

கார்த் சாவிக்கொத்தை அவன் சட்டைப்பையிலேயே போட்டார்.

"இதச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! யாருதான்ப்பா தப்பு பண்ணல? உன்ன மாதிரி ஒருத்தன் கெடைப்பானா எங்களுக்கு?"

"மனசுல வச்சுக்காத வெர்லின்" என்றான் ஒருவன். "என்ன இருந்தாலும் அவ கண்ணாடியக் கழட்டுனது கழட்டுனதுதானே" என்று இன்னொருவன் மெதுவாகச் சொன்னான், மெதுவாகச் சொன்னதாக அவன் நினைப்பு. தோளில் தட்டினார்கள். கை குலுக்க ஒரு வரிசையே நின்றது. ஐந்து மாதமாக வயிற்றில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல வெர்லினுக்கு மூச்சு வந்தது. அந்தச் சுகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

மூன்றாவதாகக் கை குலுக்கியவன் ராய்ஸ்.

"நல்லவன்டா நீ" என்றான், கண் கலங்கி.

நெல்டா நடந்து வந்தாள். வரிசை விலகி வழிவிட்டது. அவளும் கை கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, ஒன்றிரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் வெர்லினைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள்.

"என்ன மன்னிக்க அஞ்சு மாசம் பத்தல. இவனுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இல்ல ராய்ஸ்?"

ராய்ஸ் வெர்லினின் கையை விட்டான். அவள் அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பின்னால் பார்த்துப் பார்த்து, மெதுவாக வண்டியைத் திருப்பி, அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.