பதினாறாவது மைலில் வேண்டாம் என்றேன்

நடந்தது, நடந்த வரிசையில்:

1. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முப்பத்து நான்கு மைல் மலை ஓட்டம் தொடங்கியது. பதினோரு டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. பாதையில் கணுக்கால் வரை பனி.

2. பதினான்காவது மைலில் ஓர் ஓடையைத் தாண்டும்போது அக்கா வழுக்கி வலது கையை ஊன்றினார். மேலே உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து கையுறை நனைந்தது.

3. பதினாறாவது மைலில், ஓடுபவர்களுக்குச் சாப்பாடும் வெந்நீரும் கொடுக்கும் முகாமில், ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்துக் காய்ந்த கையுறை வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

4. பதினேழாவது மைலில், என் பையில் இருக்கும் மாற்றுக் கையுறையைத் தரட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார்.

5. பத்தொன்பதிலிருந்து இருபத்தொன்று வரை மலை முகட்டில் ஓடினோம். அங்கே மரமில்லை. காற்று வலது பக்கத்திலிருந்து அடித்தது.

6. இருபத்திரண்டாவது மைலில் அக்காவால் தன் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை.

7. இருபத்து நான்காவது மைலில் போட்டியை விட்டு விலகினோம்.

8. அக்கா பல் மருத்துவர். வலது கைக்காரர்.

எட்டாவது அன்றைக்கு நடந்த விஷயம் இல்லை. ஆனால் அதை எழுதாவிட்டால் மற்ற ஏழும் ஒரு சாதாரணக் குளிர்கால ஓட்டத்தின் கதையாகிவிடும்.

ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் விழுந்துவிட்டால் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. மேலே இருப்பதையும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றையும் நான்கையும் மட்டும் அப்படி எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. நியூ ஜெர்சியின் ஐசலினிலிருந்து சனிக்கிழமை காலைகளில் ஓடும் ஒரு சின்னக் குழுவில் நான்கு வருடத்துக்கு முன்னால் பழக்கம். அவர் யாழ்ப்பாணம். ஒன்பது வயதில் டொரோன்டோவுக்கு வந்து, கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தவர். நான் கரூர்ப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனால் மேடேறுவதில் என்னைவிட வேகம். என் பேச்சில் வரும் 'ங்க'வை எண்ணிக்கொண்டே வருவதாகச் சொல்வார். ஆமாம் என்பதற்கு அவர் சொல்லும் 'ஓம்'களை எண்ணுவதாக நான் சொல்வேன்.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது டீ குடிக்கிறீரா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். இப்பத்தான் குடிச்சேனுங்க்கா என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை, டீ வந்துவிட்டது. கூடவே வடையும். கேட்டவுடனே சரி என்று சொல்வது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. அவர் வீட்டிலும் அப்படித்தானாம். சின்ன வயதில் யார் வீட்டுக்குப் போனாலும் என் அம்மா எனக்குக் கண்ணாலேயே 'வேண்டாம்னு சொல்லு' என்பார். அக்காவின் அம்மா தொடையில் கிள்ளுவாராம்.

இந்த ஊரில் இது செல்லாது என்பது எனக்குத் தெரியாததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மழை நாளில் ஒருவர் ஸ்டேஷன் வரை காரில் விடட்டுமா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். அவர் ஓகே என்று சொல்லிப் போய்விட்டார். நான் நனைந்துகொண்டே நடந்தேன். அதன் பிறகு கற்றுக்கொண்டேன். யாராவது கேட்டால், வேண்டுமென்றால் முதல் தடவையே வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எக்செல்லில் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். எந்த மைலை எத்தனை மணிக்குத் தொட வேண்டும், எந்த முகாமில் எத்தனை நிமிடம் நிற்கலாம், எப்போது என்ன சாப்பிட வேண்டும், எல்லாம். மதியம் இரண்டு மணிக்குள் இருபத்து நான்காவது மைலுக்குப் போய்ச் சேராதவர்களை மேற்கொண்டு ஓட விடமாட்டார்கள். அதைச் சிவப்பில் போட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "மூச்சு விடவும் நேரம் போட்டிருக்கிறீரோ?" என்றார். கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலில் கையுறை இரண்டு ஜோடி என்று இருவருக்கும் எழுதியிருந்தேன். அக்காவின் இரண்டாவது ஜோடியை முந்தின நாள் அவருடைய சின்ன மகள் பனியில் விளையாட எடுத்துப்போய் நனைத்துவிட்டாள். ஹீட்டர் மேல் காயப் போட்டது அங்கேயே இருந்துவிட்டது. காரில் வரும்போதே அக்கா அதைச் சொன்னார். அவருக்கு ஒரு ஜோடி போதும் என்று இருவருமே முடிவு பண்ணிக்கொண்டோம்.

முதல் பத்து மைல் நன்றாகவே இருந்தது. அக்கா எள்ளுருண்டை செய்து கொண்டுவந்திருந்தார். குளிரில் அது கல்லாகிவிட்டது. கடிக்க முடியாமல் நான் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "பயப்பிடாமக் கடியும். பல் உடைஞ்சா நானே கட்டித் தாறன்" என்றார். சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது.

ஓடையில் அவர் விழுந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எழுந்து கையை உதறினார். கை நனைந்துவிட்டதா என்றேன். கொஞ்சம்தான் என்றார். முகாமுக்கு வந்தபோது என் திட்டத்தைவிடப் பதினோரு நிமிடம் பின்னால் இருந்தோம். அங்கே ஆரஞ்சு நிறத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஓர் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார். போன வருடங்களில் ஓடியவர்கள் விட்டுப்போன கையுறைகளைத் துவைத்துச் சேர்த்து வைத்திருக்கிறாராம். எங்களைப் பார்த்ததும் பெட்டியை நீட்டி, காய்ந்த கையுறை வேண்டுமா, சூப் வேண்டுமா என்று கேட்டார். அக்கா தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம், நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று இருவருக்குமாகச் சொன்னேன். பெரியவர் தலையாட்டிவிட்டு அடுத்து வந்தவரிடம் பெட்டியை நீட்டினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டார், பதில் வந்தது, நம்பினார்.

பதினோரு நிமிடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் சொன்னேன் என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பெட்டியை நீட்டியபோது என் வாயில் தானாக வந்தது, யார் வீட்டிலோ தட்டை நீட்டும்போது வருகிற அதே வேண்டாம். ஐந்து மணிநேரம் குளிரில் இருந்தால் புதிதாகக் கற்றுக்கொண்டது எல்லாம் முதலில் போய்விடும் போல.

ஒரு மைல் போன பிறகு மனசு கேட்கவில்லை. "என்கிட்ட இன்னொரு ஜோடி இருக்குதுங்க்கா, வேணுங்களா?" என்றேன்.

"வேண்டாம், உமக்குத் தேவைப்படும்."

சரி என்று சொல்லி ஓடினேன். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நான்கு வருடத்தில் அக்காவின் முதல் வேண்டாமை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவருடைய கல்யாண நாளுக்கு வாங்கிப் போன புடவையைக்கூட மூன்று தடவை வேண்டாம் என்ற பிறகுதான் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் ஒரே தடவை கேட்டேன். பெரியவரிடம் கரூர்க்காரியாக இருந்தேன், அக்காவிடம் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன். அது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

முகட்டில் பேச முடியவில்லை. காற்று வாயை அடைத்தது. மறுபுறம் இறங்கி மரங்களுக்குள் வந்த பிறகு அக்கா நின்றார். இடது கையால் ஜிப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வலது கை அவர் பக்கத்தில் சும்மா தொங்கியது.

"இதைத் திறக்கேலாமக் கிடக்கு," என்றார், சாதாரணமாக, ஜிப்பின் மேல் குறை சொல்வது மாதிரி.

நான் அவருடைய வலது கையுறையைக் கழற்றினேன். அது விறைத்து, கையின் வடிவத்திலேயே நின்றது. உள்ளே நான்கு விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அக்கா அவற்றைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கப் பார்த்தார், கருவியைப் பிடிக்கிற மாதிரி. சேரவில்லை. மறுபடி பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

என் பையிலிருந்த காய்ந்த கையுறையை அவருக்குப் போட்டுவிட்டு, அந்தக் கையை என் ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். நீர் ஓடும், நேரம் போகுது, நான் நடந்து வாறன் என்றார். இந்தத் தடவை நான் அவரைக் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரே ஜாக்கெட்டுக்குள் ஒரு கையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பனியில் இறங்குவது சுலபமில்லை. இரண்டு தடவை சேர்ந்தே விழுந்தோம். இரண்டு மைலுக்கு ஒரு மணிநேரத்துக்கும் மேலாயிற்று. இரண்டு மணி தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை.

இருபத்து நான்காவது மைலில் இருந்த கூடாரத்தில் முதலுதவி பார்க்கும் ஒரு பெண் வெதுவெதுப்பான தண்ணீரில் அக்காவின் கையை வைத்தார். ரத்தம் திரும்பும்போது ரொம்ப வலிக்கும், தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டே வைத்தார். அக்காவுக்கு அது தெரியும். கால் மணிநேரத்தில் கண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

"நோகுது. நல்லது, நோகட்டும்," என்றார். பிறகு, "மோதிர விரல் நோகேல்ல."

நான் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அந்த மனிசன் இன்னொருக்காக் கேட்டிருந்தா வாங்கியிருப்பன். நீர் வேண்டாமெண்டு சொன்ன பிறகு நான் எப்படிக் கேக்கிறது?"

"நானும் உங்களை ஒரு தடவைதானுங்க்கா கேட்டேன்."

"ஓம்," என்றார். "அதை நானும் யோசிச்சனான்."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்னிலயும் பிழை. என்ர கை நனைஞ்சது எனக்குத்தானே தெரியும். குடுத்தா வாங்கிறதுக்கு எனக்கென்ன வெக்கம்?"

முதலுதவிப் பெண் எங்கள் பேச்சு புரியாமல், எல்லாம் சரிதானே என்று கேட்டார். இல்லை, எனக்கு இன்னொரு போர்வை வேண்டும் என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். உடனே வந்தது.

அக்காவின் கணவர் எங்களைக் கூட்டிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓட்டினார். வழியில் என்னைக் குற்றமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசிக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து வந்த கடையில் நிறுத்தினார்.

மறுநாள் விரல்களில் கொப்புளம் எழும்பியது. உறைந்துபோன சதை எவ்வளவு பிழைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வாரங்களில் அக்கா ஒரு கையால் செய்ய முடியாத வேலைகளை எழுதி வைத்துக்கொண்டேன்: பாட்டில் மூடி, பெரிய மகளுக்குப் பின்னல், வெங்காயம், கோட்டுப் பொத்தான். பொத்தானைச் சின்ன மகள் எடுத்துக்கொண்டாள். அம்மாவின் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவாள். கையுறையை நனைத்தது தான்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவளே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒருநாள் சமையலறையில் என்னிடம் வந்து, "இஸ் இட் மை ஃபால்ட்?" என்று கேட்டாள். இல்லடா கண்ணு என்று தமிழில் சொன்னேன். போதவில்லை என்று தோன்றியது. ஆங்கிலத்தில் முழுக்கச் சொன்னேன்: பெட்டி நிறையக் கையுறை இருந்தது, பெரியவர்கள் நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் ஏன் என்றாள். அதைத்தான் அவளுக்கு விளங்க வைக்க முடியவில்லை.

மற்றதை எல்லாம் வாரம் இரண்டு நாள் போய் நான் செய்தேன். அக்கா வேண்டாம் என்பார். வெங்காயம் எங்கே என்பேன்.

இப்போது ஏப்ரல் முடியப்போகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி ஆகிவிட்டன. நடுவிரலில் புதுத் தோல் வந்திருக்கிறது. மோதிர விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாதமாவது பார்க்க வேண்டும் என்கிறார் நரம்பு மருத்துவர். அக்கா வாரம் மூன்று நாள் கிளினிக்குக்குப் போகிறார். பல் சுத்தம் செய்கிறார், அடைக்கிறார். வேர் சிகிச்சையையும் பல் பிடுங்குவதையும் தன்னோடு வேலை செய்யும் இன்னொரு மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார். சனிக்கிழமைகளில் நாங்கள் ஆறு மைல் ஓடுகிறோம். அடுத்த குளிர்காலத்துக்கு இருவரும் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.