பம்புக்கு வீக்லி ஆஃப்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. யாழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நாலரை வயது. பின்னி முடிப்பதற்குள் உலகச் செய்தி முழுவதையும் வாசித்துவிடுவாள்.

"அம்மா, தாத்தா பம்புக்கு லீவு."

"என்ன லீவு?"

"வீக்லி ஆஃப். அது பீரோவுல தூங்குது."

சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மகள் ஒரு தும்மல் போட்டால் மூன்று பேருக்கு போன் செய்கிறவள். பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை படிக்கிறவள். அப்படிப்பட்டவளின் வீட்டில், மாமனாரின் இன்ஹேலர் ஒன்பது நாளாக பீரோவில் தூங்கியிருக்கிறது... எனக்குத் தெரியாமல்.

மாமனாருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். பீடியை விட்டுப் பத்து வருடமாகிறது. போன மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை. காலையும் இரவும் பம்பு இழுக்க வேண்டும் என்பது நெஞ்சு டாக்டரின் கட்டளை.

ஆனால் அவருடைய கவலை நோய் இல்லை. பேத்தியை நர்சரிக்குக் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று தெரு. ஜூன் மாதம் நிற்காமல் போனவர், தீபாவளிக்குள் நான்கு இடத்தில் நின்று நின்று போனார். யாழினி அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டாள் — வேப்பமர ஸ்டாப், நாய் ஸ்டாப்...

"இப்பிடியே போனா புள்ளைக்கு ஆட்டோ வச்சிடுவீங்க, இல்லம்மா?" என்று ஒருநாள் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். என்னால்தான் சாதாரணமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால் வடலூரில் ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சர்க்கரை உண்டா என்று கேட்டார், இல்லை என்றோம். பிறகு விசாரணை முழுக்க வயிற்றைப் பற்றி. பசிக்கிறதா, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, காலையில் வயிறு சுத்தமாகிறதா...

"நெஞ்சுக்கு வந்தா இந்தப் பொண்ணு வயித்தையே சுத்திகினு கீது" என்று மாமனார் என் காதைக் கடித்தார்.

அது டாக்டர் காதிலும் விழுந்துவிட்டது. "சளி தெரியறது நெஞ்சுலதாங்கய்யா. எங்க வைத்தியத்துல அது கெளம்பற எடம் வயிறு."

ராத்திரி தயிர் கூடாது. எட்டு மணிக்குள் சாப்பாடு. குடிப்பதெல்லாம் வெந்நீர். மார்புக்கு இளஞ்சூட்டில் தைலம். ஆடாதோடை, கண்டங்கத்திரி, திப்பிலி சேர்ந்த லேகியம் காலையும் மாலையும் ஒரு ஸ்பூன். "பம்பு பாட்டுக்கு நடக்கட்டும்" என்றும் சொன்னார். சொன்னாரா? சொன்னார். ஆனால் மாமனார் அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நானாவது வீட்டில் திருப்பிச் சொன்னேனா? அதுதான் நினைவில்லை.

நினைவிருப்பது வேறு ஒன்று. லேகியத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். ஊக்கப்படுத்த வேண்டுமே என்று நான்தான் சொன்னேன் — "சாப்பிடுங்க மாமா. ரிலீஃப் வரும்."

முப்பது வருடம் மைன்ஸில் ஷிஃப்ட் பார்த்தவரிடம் இதைச் சொன்னால் என்ன அர்த்தம்? நிம்மதி கிடைக்கும் என்றா? இங்கே ரிலீஃப் என்பது ஓர் ஆள். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவன். அவன் வந்து நின்றுவிட்டால், இருக்கிறவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

"நீதானம்மா ரிலீஃப் வரும்னு சொன்ன?" பாதிப் பின்னலோடு நின்ற யாழினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது. "லேகியம் வந்துச்சு. பம்ப வூட்டுக்கு அனுப்பிட்டேன். பாவம், அதுவும் எத்தினி நாளு ஓடிகினே இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த வாரம் ஸ்டாப்புகள் நான்கிலிருந்து ஆறானது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. நானோ பனி என்று நினைத்து மஃப்ளர் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அன்று யாழினியை நானே அழைத்துப் போனேன். அவர் கேட்டருகே நின்று, அவளுடைய தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

திரும்பி வந்ததும் வடலூருக்கு போன் போட்டேன். திட்டு வாங்கத் தயாராகத்தான். டாக்டர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஐயா, நீங்க மைன்ஸ்ல பெர்மனென்டா?"

"மொதல்ல பதினோரு வருஷம் கான்ட்ராக்ட்டும்மா. அப்பறந்தான் பெர்மனென்ட்."

"அப்ப ஈஸியா புரியும். பம்பு பெர்மனென்ட். என் லேகியம் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளு வந்தான்னு பெர்மனென்ட் ஆள வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

மாமனார் யோசித்தார். "கான்ட்ராக்ட் ஆளுதாம்மா நல்லா வேல செய்வான்."

மறுமுனையில் டாக்டர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. "செய்யட்டுங்கய்யா. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல. இன்னிக்கே நெஞ்சு டாக்டர்கிட்டயும் போய், என் மருந்துச் சீட்டையும் காட்டிடுங்க."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆயுர்வேதம் பற்றி நெஞ்சு டாக்டரிடம் நான் மூச்சு விடவே இல்லை. ஏன்? கோபித்துக்கொள்வார் என்ற பயம். நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்... இரண்டு டாக்டரையும் பார்க்கிறோம், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் வாயே திறப்பதில்லை. ஏதோ இரண்டு வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

நெஞ்சு டாக்டர் கோபிக்கவில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். சீட்டைப் படித்தார். "வெந்நீர், நேரத்துக்குச் சாப்பாடு — நல்லதுதான். லேகியம் இனிப்பு, சர்க்கரையை அப்பப்ப பாத்துக்கலாம். பம்பை மட்டும் நிறுத்தாதீங்க. இதை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா?

இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் பம்பும் லேகியமும் அருகருகே இருக்கின்றன. "ரெண்டு பேரும் டியூட்டிக்கு பஞ்ச் பண்ணியாச்சா?" என்று யாழினி தினமும் மேற்பார்வை செய்கிறாள்.

நேற்று காலை தாத்தாவும் பேத்தியும் மறுபடி பள்ளிக்கு நடந்தார்கள். கைப்பையில் அவசரத்துக்கு இன்னொரு பம்பை வைத்துக்கொண்டு நான் இருபதடி பின்னால். வேப்பமர ஸ்டாப்பில் நின்றார். நாய் ஸ்டாப்பில் நின்றது யாழினிக்காக. நாய்க்கு அவள் பிஸ்கட் போட வேண்டும். அவ்வளவுதான்... இரண்டே ஸ்டாப்.

மூன்றாவது தெரு முனையில் மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அதான் ரிலீஃப் நான் வந்துட்டேன் இல்ல? உன் ஷிஃப்ட் முடிஞ்சிது. வூட்டுக்குப் போ."

போனேன் — பள்ளிக்கூடத்தின் பின்பக்கத் தெரு வழியாக.