ஒப்புக்குச் சப்பாணியும் ஒரு குப்பை வண்டியும்

மே மாதம், சனிக்கிழமை, காலை 5.20. திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் என் மகள் இனியா கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இங்க ப்ளே ஏரியா இருக்கா?" வயது ஒன்பது. பெங்களூரில் எங்கள் அடுக்குமாடியில் ரப்பர் தரை போட்ட ஒரு விளையாட்டுத் திடல் உண்டு. சறுக்கு மரமும் இரண்டு ஊஞ்சல்களும் அங்கே இருக்கின்றன. ஓடக் கூடாது என்று அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. அவளுக்கு உலகம் அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எனக்குப் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் கணவருக்குப் பிரச்சினையே இல்லை. லேப்டாப் வைக்க ஒரு மேசையும் வேளைக்கு ஒரு காப்பியும் இருந்தால் அவர் பாலைவனத்திலும் குடியிருப்பார். இனியாதான் முடியாது என்று காலை ஊன்றிக்கொண்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். இரண்டு நாள் ஊரைப் பார்ப்பது, கிளம்பும்போது அவள் சொல்வதுதான் முடிவு, அதுவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் எனக்குக் கஷ்டமானது.

வாசலில் இருபது ரூபாய்க்கு ஒரு காப்பி குடித்துவிட்டு, ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறினோம். தூரம் சுமார் எட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம் என்பதால் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர். இனியா அவரையும் விடவில்லை.

"அங்கிள், ஸ்ரீரங்கத்துல ப்ளே ஏரியா இருக்கா?"

"என்ன பாப்பா இப்படிக் கேட்டுட்ட? ஏழு பிரகாரம் இருக்கு. ஓட ஓட முடியவே முடியாது. இதவிட என்ன ஏரியா வேணும் உனக்கு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. இனியா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அதாவது இல்லை என்கிறார், அப்படித்தானே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெளிச்சம் வந்துவிட்டது. கோடைக் காவிரியில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மணலில் பையன்கள் சிலர் அதற்குள் கிரிக்கெட் தொடங்கியிருந்தார்கள். ஸ்டம்புக்குப் பதில் செருப்புகளை அடுக்கியிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன், ஒப்பந்தம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

காலை 7 மணி. வடக்குச் சித்திரை வீதிக்குப் பக்கத்துத் தெருவில் என் கல்லூரித் தோழி ரெங்கநாயகியின் வீடு. கதவைத் திறந்ததும், "வாடி, வா. ட்ரெயின்ல தூங்கினியா, இல்ல வழக்கம்போல கீழ் பெர்த் ஆளோட சண்டையா?" என்றாள். பதினோரு வயதான அவள் மகள் வேதவல்லி வாசற்படியில் நின்று இனியாவை மேலும் கீழுமாக அளந்தாள். வேதா என்று கூப்பிடுகிறார்கள். முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு, முகத்தில் நீதிபதிக் களை.

ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போனோம். அதற்குள் கல்தரை சூடேறியிருந்தது. பிரகாரத்தில் நடப்பதற்காகச் சூடு தாங்கும் வெள்ளை வண்ணத்தைப் பட்டையாகப் பூசியிருக்கிறார்கள். கோபுரத்தைப் பார், யாளியைப் பார் என்று ரெங்கா காட்டிக்கொண்டே வந்தாள். இனியா எதையும் பார்க்கவில்லை. வெள்ளைப் பட்டையை விட்டுக் கால் வெளியே போகாமல் தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டு தாவித் தாவி வந்தாள். கூட்டாளி கிடைத்தால் இந்தப் பெண் எங்கே வேண்டுமானாலும் விளையாடிவிடுவாள் என்று தோன்றியது. கிடைக்க வேண்டுமே என்று கவலையாகவும் இருந்தது.

பிற்பகலில் இருநூற்றைம்பது ரூபாய் ஆட்டோவில் புத்தூர் போய் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வந்தேன். ரெங்காவின் தெருவிலேயே காலியாக இருந்த மாடி வீட்டையும் பார்த்தோம். காற்று நன்றாக வந்தது. இனியா ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் ரோடு" என்றாள்.

மாலை 5 மணிக்கு அந்த வெறும் ரோட்டில் பிள்ளைகள் கூடினார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, ஒரு கூப்பாட்டுக்குத் தெரு நிறைந்துவிட்டது. கையில் பந்து இல்லை, மட்டை இல்லை, ஒன்றுமே இல்லை. சா பூ த்ரீ போட்டு, எதிர் வீட்டு ஜெரோம் முதலில் பிடிப்பதென்று முடிவானது. ஆட்டத்தின் பெயர் கல்லா மண்ணா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிடிப்பவரிடம் மற்றவர்கள் "கல்லா, மண்ணா?" என்று கேட்பார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அது அவருடைய ராஜ்யம். மண் என்றால் மற்றவர்கள் கல்லில்தான் நிற்கலாம், கல் என்றால் மண்ணில். அவர் எல்லைக்குள் கால் வைத்தவரை அவர் தொட்டுவிட்டால் அவுட். அடுத்துப் பிடிக்க வேண்டியது அவுட் ஆனவர்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏம்மா வேதா, இது சிமெண்ட் ரோடாச்சே, இதுல மண்ணு எங்க இருக்கு?"

"ரோடு மண்ணு ஆண்ட்டி. படியெல்லாம் கல்லு. அது எப்பவோ பேசி முடிச்சாச்சு."

"நிறுத்தி வெச்சிருக்கற ஸ்கூட்டி?"

"கல்லுதான். ஓனர் பாக்காத வரைக்கும்."

இனியா என் கையை விட்டுவிட்டு முன்னே போய் நின்றாள். வேதா ஒரு நொடி யோசித்து, எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்: "இவ ஒப்புக்குச் சப்பாணி!"

எனக்குச் சுருக்கென்றது. ஆட்டம் தெரியாதவர்களையும் சின்னக் குழந்தைகளையும் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அது. ஒப்புக்குச் சப்பாணியை யாரும் பிடிக்க மாட்டார்கள், பிடித்தாலும் அவுட் கிடையாது. கருணையான ஏற்பாடுதான், வாங்கிக்கொள்கிறவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

முதலில் இனியாவுக்கு ஒரே குஷி. "அம்மா, என்னை அவுட்டே ஆக்க முடியாதாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஜெரோம் மண் என்றான். அவள் தெரு நடுவில் நின்று அவனுக்குப் பழிப்புக் காட்டினாள். அவன் அவளைத் தாண்டி ஓடினான். கையை நீட்டி அவன் சட்டையையே தொட்டாள், அவன் திரும்பவில்லை. வேதா படிக்குப் படி தாவ, ஜெரோம் துரத்த, தெருவே அலறிக்கொண்டிருந்தது. என் மகள் அந்த அலறலுக்கு நடுவே, யாருக்கும் குறுக்கே வராமல், நிறுத்தி வைத்த ஸ்கூட்டி போல நின்றாள்.

ஆறு மணிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் விளையாடவே இல்லம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஊர் வேணாம்மா."

வேலை போனது என்று நினைத்தேன். அதைவிட, அவள் குரல் என்னை வதைத்தது. அவள் உள்ளே போனதும் வேதாவை ஓரமாகக் கூப்பிட்டு, "அவளையும் ஆட்டத்துல சேத்துக்கோயேன்" என்று குழைந்தேன்.

வேதா தலையை ஆட்டி மறுத்தாள். "பெரியவா நடுவுல வரப்படாது ஆண்ட்டி. நான் சப்பாணி இல்லன்னு அவளே சொல்லணும். சொன்னா அப்பவே அவதான் பிடிக்கணும். எங்க தெருவுல அதான் ரூல். நானும் அப்படித்தான் வந்தேன்."

இதை இனியாவிடம் சொல்லிவிடலாமா என்று சாப்பிடும்போதெல்லாம் நாக்கு துறுதுறுத்தது. ரெங்கா என் இலையில் இன்னொரு அடை போட்டு வாயை அடைத்தாள்.

ஞாயிறு, காலை 6.30. வெயில் ஏறுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். இனியா சப்பாணியாகவே நின்றாள், முகம் தொங்கியிருந்தது. ஜெரோம்தான் பிடித்தான், வழக்கம்போல மண். வேதா தெருவைத் தாண்டிப் பாய, அவன் அவள் பின்னலைத் தொட்டுவிட்டான்.

"அவுட்டு!"

"நான் படியில ஏறினப்புறம்தான்டா தொட்ட!"

"போங்கு ஆடாத!"

தெரு இரண்டாகப் பிரிந்து கத்தியது. அப்போது இனியா குரல் கேட்டது. "வேதா அக்கா கால் கீழதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

வேதா திரும்பினாள். "சப்பாணி சாட்சி செல்லாது."

"நான் சப்பாணி இல்ல!"

பெங்களூரில் இவள் இப்படிக் கத்தியிருந்தால் குடியிருப்போர் சங்கம் கூடியிருக்கும். இங்கே தெரு அவளைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். வேதாவின் முகத்தில் கோபமே இல்லை. இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "அப்போ நீ பிடி."

எல்லாரும் படிகளில் தயாராக நின்று கோரஸாகக் கேட்டார்கள், "கல்லா, மண்ணா?"

இனியா தெருவின் இரு கோடியையும் பார்த்துவிட்டு, "கல்லு" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. பிடிக்கிறவர்கள் யாரும் கல் கேட்பதில்லை. கல் கேட்டால் மற்றவர்களுக்குத் தெரு முழுக்கச் சொந்தமாகிவிடும், ஹாயாக நிற்கலாம். அப்படித்தான் நின்றார்கள். ஜெரோம் நடு ரோட்டில் நடனமே ஆடினான். என் பெண் படிமேல் தனியாக நின்றாள். போச்சு, மறுபடி சப்பாணிதான் என்று நினைத்தேன்.

அப்போது தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. மாநகராட்சியின் குப்பை வண்டி ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டே திரும்பியது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் குபுக்கென்று படிகளில் ஏறினார்கள். இனியா நின்ற கல்லில், அவளுக்குப் பக்கத்திலேயே, வேதா வந்து ஏறினாள். இனியா ஒரே ஒரு விரலால் அவள் தோளைத் தொட்டாள்.

"அவுட்டு."

"அம்பேல்! வண்டி வந்தா அம்பேல்!" என்று ஜெரோம் குதித்தான். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் சொல் அது.

"யாரும் அம்பேல் சொல்லல. இப்பதான் சொல்ற" என்றாள் இனியா.

எல்லாரும் வேதாவைப் பார்த்தார்கள். அவள் தன் காலடியில் இருந்த படியைப் பார்த்தாள், போகும் வண்டியைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, "நான் அவுட்டு. அவ பண்ணது கரெக்ட்" என்றாள். குப்பை வண்டிக்காரர் நடந்தது என்னவென்று தெரியாமலே ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். நான் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டு கை தட்டினேன்.

அதற்கப்புறம் அவளைத் துரத்தாதவர்கள் இல்லை. எட்டரை மணிக்கு ரெங்கா எல்லாரையும் டிபனுக்கு விரட்டியபோது, முழங்காலில் ரத்தக் கோட்டோடு என் மகள் ஓடி வந்தாள். "அம்மா! நான் அவுட்டு! வேதா அக்கா என்னை அவுட்டாக்கிட்டா!" பரிசு வாங்கியபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூச்சப்படாமல் சொல்கிறேன்.

"கல்லு கேக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"நேத்து சும்மாதானே நின்னேன். வண்டி வந்தா எல்லாரும் படியில ஏறிடறாங்க. அப்பவே பாத்துட்டேன்."

மதியச் சாப்பாட்டில் எங்கள் பெங்களூர் திடலைப் பற்றி வேதாவிடம் அளந்துகொண்டிருந்தாள். வேதா ரசத்தை நிறுத்திவிட்டு, "ரப்பர் தரையா? அது கல்லா, மண்ணா?" என்றாள். இனியா வெகு நேரம் யோசித்தாள். "ரெண்டும் இல்ல" என்றாள் கடைசியில், கொஞ்சம் அவமானத்தோடு.

மாலை 5.30. மறுபடி ஒன்றாம் நம்பர் பஸ், மறுபடி கட்டணமில்லாச் சீட்டு. வேதா நிறுத்தம்வரை வந்து வழியனுப்பினாள். பாலத்தில் ஏறியதும் மலைக்கோட்டை மஞ்சள் வெயிலில் தெரிந்தது. மணலில் செருப்பு ஸ்டம்புகள் நேற்றுக் காலையைவிட அதிகமாகியிருந்தன. கிளம்பும்போதுதானே முடிவு, கிளம்பிவிட்டோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"இனியா, நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும்."

அவள் முழங்கால் காயத்தை ஊதிக்கொண்டிருந்தாள். இது கூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா கேக்கற? கடைசியா நான்தானே அவுட்டு. அடுத்தது நான் பிடிக்கணும். வராம ஓடிட்டா போங்கு ஆட்டம்னு ஆயிடும்."

பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள், ஜூனில் வந்து சேர்கிறேன் என்று மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.