தேர் திரும்பும் மூலை

ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் டவுனில் பழைய கடைகளை வகை பிரித்து, எதை எப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்வது என் வேலை. மூலைக்கடைகள் சிலவற்றை மட்டும், கத்தியால் சீவியதுபோல் முனை இல்லாமல் கட்டியிருந்தார்கள். “அது வெள்ளைக்காரன் காலத்து அலங்காரம், அவ்வளவுதான்” என்றார் என் மேலதிகாரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலங்காரமென்றால் எல்லா மூலையிலும் அல்லவா இருக்க வேண்டும்?

அளவு நாடாவோடு தெருத்தெருவாக அலைந்தேன். சீவிய மூலைகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்பால் குறித்தபோது, மாரியம்மன் கோயிலில் கிளம்பிக் கோயிலுக்கே வந்து சேரும் ஒரு பாதை தெரிந்தது. தேர் போகும் பாதை! தேர் திரும்புவதற்காகத்தான் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் தங்கள் சுவரையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்த மேலதிகாரி அதை டவுனின் கட்டட விதியில் சேர்த்தார்: அந்தப் பாதையில் புதுக்கடை கட்டினாலும் மூலையைச் சீவித்தான் கட்ட வேண்டும்.

முதலில் மாட்டியவர், பழைய மூலைக்கடையை இடித்து மூன்று மாடி கட்டவிருந்த துணிக்கடை முதலாளி.

“என்னாங்க மிஸ், எங்க காணிய நாங்க ரோட்டுக்கு விடணுமா?” என்று சீறினார்.

“ரோட்டுக்கு இல்லீங்க மொதலாளி, ஆத்தாவுக்கு.”

முறைத்துக்கொண்டேதான் கட்டி முடித்தார்.

இந்த வருடம் தேர் அவருடைய புதுக்கடை மூலைக்கு வந்தது. சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. தப்பு மேளச் சத்தத்தில் காது அடைத்தது. மேல்மாடியிலிருந்து பூ வீசிய முதலாளி ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: “மூலையச் சீவிக் கட்டச் சொன்னதே நாந்தான்!”

சொல்லிவிட்டுப் போகட்டும். தேர் திரும்பிவிட்டது.