சப்ளை, டிமாண்ட், நீலாம்பாள்

“இவனுக்கு நூத்துக்கு எட்டு!” என்று நாளிதழ்த் தலையங்கத்தின் மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடிழுக்கிறார் நீலாம்பாள். நன்னிலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறவர். கூலி உயர்ந்தால் விவசாயம் அழியும் என்று எழுதியிருந்தார்களாம். “எழுதினவன் நல்லாப் படிச்சவன்தான். அதான் எனக்குக் கோவமே.”

பஸ் கண்டக்டரிடம்கூட உரக்கப் பேசமாட்டார். ஆனால் ஆசிரியர் அறையில் யாராவது, “சத்துணவு போட்டு சனங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க” என்றால் போதும், பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சண்டைக்கு எழுந்துவிடுவார்.

அப்பா வீரையன், அம்மா காத்தாயி இருவரும் பண்ணையாட்கள். அறுப்புக்கூலியாக அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்ட வருஷம் அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. திரும்பி வந்தவரால் இடது கையை மடக்க முடியவில்லை. டீச்சரும் தம்பியும் அரசு விடுதிச் சோற்றில் படித்தார்கள். தம்பி வைரக்கண்ணு மகா புத்திசாலி. இன்று வங்கி அதிகாரி. போன வருஷம் அதே பண்ணையின் நிலத்தையே அவன் விலைக்கு வாங்கியபோது, எங்கள் பள்ளிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தார் டீச்சர்.

இந்த வருஷ நடவில், பெண்கள் கூலியைக் கூட்டிக் கேட்டு வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். தம்பி அக்காவுக்கு ஆள் அனுப்பினான். அதே பள்ளியில் வேலை பார்க்கிற நானும் கூடப் போனேன்.

“எகனாமிக்ஸ் நடத்துற நீயே சொல்லுக்கா. ஆளு எக்கச்சக்கமா இருக்கு. சப்ளை கூடினா வெல கொறையணும்ல?”

“அம்மா இதே வயல்லதானடா நட்டுச்சு? அதுக்குப் பேரு சப்ளையா?”

“அப்பாவுக்குப் படிப்பு இல்ல, கொடி புடிச்சாரு. நாம படிச்சவங்கக்கா.”

“நெலம் வாங்குறதுக்கு முந்தின நாள் வரைக்கும் நீ இப்படிப் பேசுனதில்ல. இத உனக்குப் படிப்பு சொல்லித் தரலடா, பத்திரம் சொல்லிக் குடுத்துச்சு. புத்தி இருக்கறதால காரணம் மட்டும் அழகா வருது.”

வைரக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “முத்துப்பேட்டைப் பக்கத்து ஆளுங்க வேன்ல வந்துக்கிட்டு இருக்காங்க. இவங்க வீட்டுக்குப் போவட்டும்” என்றான்.

டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேன் வரவேண்டிய மண்பாதையின் நடுவே, கஞ்சி மொடமொடப்புப் போகாத பள்ளிக்கூடப் புடவையோடு சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.